கும்மிடிராஜாவின் நம்பர் ஏறின கதை

1

ஏழாங்கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்ட ஒருத்தன் என்னென்ன கட்டியிருக்கிறான் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் பிறகு.

கவரப்பேட்டையில் மாடி வீடு. கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன், தண்ணீர்த் தொட்டிக்கு ஏற நானே வெல்டு வைத்த சுற்றுப் படிக்கட்டு. இரண்டு தங்கைகளுக்குக் கல்யாணம், இரண்டும் மண்டபத்தில். ஷார்ஜாவில் சொந்தமாக வெல்டிங் ஒர்க்‌ஷாப். ஒரு மெஷினும் நானும் என்று ஆரம்பித்தது, இப்போது பதினோரு பேர் வேலை செய்கிறார்கள். இங்கே ஆறு கிடங்குகளுக்குப் படிக்கட்டும் கைப்பிடியும் போட்டது நான். அதில் ஒன்றில்கூட இதுவரை யாரும் வழுக்கி விழவில்லை. பையனை இன்ஜினியர் ஆக்கினேன். கார் லைசென்ஸை ஏழாவது தடவையில் வாங்கினேன். ஆறு தடவை ஃபெயில் ஆனவன் ஏழாவது தடவை போய் வரிசையில் நிற்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று நின்றவனுக்குத்தான் தெரியும்.

கடைசியாக ஒன்று. இன்டர்நெட்டில் உலகம் பூராவும் இருந்து ஆட்கள் வந்து செஸ் ஆடுகிற இடத்தில் ‘கும்மிடிராஜா’ என்று ஒரு பெயர் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஆயிரத்து எழுநூற்றுச் சில்லறை என்று ஒரு நம்பரும் இருக்கிறது. அதையும் நான்தான் கட்டினேன்.

இந்தக் கடைசி அயிட்டத்தில்தான் தகராறு.

போன வாரம் ஊரிலிருந்து ஒருத்தர் கையில் நம் மனமகிழ் மன்றத்தின் ஆண்டு மலர் வந்து சேர்ந்தது. வழவழ தாளில் நல்ல அச்சு. முப்பத்தோராம் பக்கத்தில் என் சம்சாரம் தனத்தின் போட்டோ. கீழே எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: ‘இன்டர்நெட் செஸ்ஸில் 1700 புள்ளிகளைக் கடந்த நம் ஊர்ப் பெண்மணி திருமதி தனம். யாரிடமும் பயிலாமல் சுயமாகவே கற்றவர். தற்போது கணவருடன் ஷார்ஜாவில் வசிக்கிறார்.’

‘கணவருடன்’. நான் அந்த ஒரு சொல்லுக்குள் உட்கார்ந்திருக்கிறேன். மன்றத்தின் முன்வாசலுக்கு இரும்புக் கேட்டு போட்டுக் கொடுத்தவனுக்கு மலரில் பெயர் கிடையாது. சரி, கேட்டை விடுங்கள். செஸ்ஸைப் பற்றி நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். எனக்கு அசிங்கமான இடங்களும் இதில் வரும். அதையும் மறைக்கப் போவதில்லை.

2

நான் செஸ் கற்றது கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், ஒரு ரோலிங் மில்லில். மில்லின் பெயர் வேண்டாம். செக்கச்செவேல் என்று பழுத்த கம்பி பாம்பு மாதிரி உருளையிலிருந்து வெளியே பாயும். அதை இடுக்கியால் பிடித்து, அப்படியே திரும்பி, அடுத்த உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். பதினாலு வருஷம் எனக்கு அதுதான் வேலை. அந்த வேலையில் ஒரே ஒரு விதி: வந்தால் பிடி. யோசித்தால் கால் போய்விடும்.

சாப்பாட்டு நேரத்தில் ஒரு பழைய இரும்புத் தகட்டில் சாக்பீஸால் கட்டம் போட்டு ஆடுவோம். வாஷரெல்லாம் சிப்பாய். பெரிய நட்டு யானை. தேய்ந்துபோன பேரிங் ஒன்று ராஜா. எங்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் டைம் கீப்பர் சாமுவேல். பி.யூ.சி. வரைக்கும் படித்தவர், சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருப்பார். நாங்கள் அவரை சார் என்போம். அவர் தன் வாஷர் ஒன்றை அநாதையாக விட்டுவைப்பார். நான் உடனே வெட்டிவிடுவேன். இன்னொன்றை விடுவார், அதையும் வெட்டுவேன். வெட்டின காயெல்லாம் என் பக்கம் குவிந்திருக்கும், சந்தோஷமாக எண்ணிக்கொண்டிருப்பேன். அப்போது அவர் மெதுவாகச் சொல்வார்.

“எத்திராஜு, உன் ராஜா செத்து ரெண்டு நிமிஷம் ஆவுது. நீ இன்னும் வாஷர் எண்ணிக்கினு கீற.”

வந்தால் பிடி என்ற பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. கண்ணில் படுகிற காயை வெட்டாமல் விட்டால் எனக்கு உள்ளங்கால் கூசும். இதுதான் என் ஆட்டத்தின் பாணி. யாராவது புத்தகம் போட்டால் இதற்கு ‘ரோலிங் மில் பாணி’ என்று பெயர் வைக்கலாம். இந்தப் பாணியில் பதினாலு வருஷத்தில் நான் சாமுவேலை ஜெயித்தது இரண்டு தடவை. ஒரு தடவை அவருக்குக் காய்ச்சல்.

என் மாமன் மகள் தனத்தைக் கட்டிக்கொண்டதும் அந்தச் சமயத்தில்தான். அவள் பக்கத்து மருந்து கம்பெனியில் பேக்கிங்கில் இருந்தாள். மாத்திரைப் பட்டைகள் அவள் எதிரே வரிசையாக ஓடிக்கொண்டே இருக்கும். பத்து இருக்க வேண்டிய பட்டையில் ஒன்பது இருந்தால் எடுத்துப் போட வேண்டும். கை எதையும் தொட வேண்டியதில்லை, கண் மட்டும் ஓட்டையைத் தேட வேண்டும். எட்டு மணி நேரம் அப்படி. எனக்கு அப்போது அது ஒரு வேலையாகவே தெரியவில்லை.

3

ஷார்ஜாவுக்கு வந்து இருபது வருஷம் ஆகப்போகிறது. ஊரில் இருக்கிறவர்கள் இங்கே கடலும் கட்டடமும்தான் இருக்கிறது என்று நினைக்கிறார்கள். இங்கே அதிகம் இருப்பது ஃபாரம். ஒவ்வொரு ஃபாரத்திலும் பெயருக்கு இரண்டு கட்டம். எனக்கு ஒரே பெயர், அப்பா பெயரின் முதல் எழுத்தைத்தான் முன்னால் போடுவேன். ஃபாரம் அடித்துக் கொடுக்கிற டைப்பிங் சென்டர்க்காரர் அதெல்லாம் செல்லாது என்று முழுசாகப் போட்டார். அன்றிலிருந்து ஆபீஸில் கூப்பிடும்போதெல்லாம் “முனுசாமி” என்றுதான் கூப்பிடுகிறார்கள். கவரப்பேட்டை ஏரிக்கரையைத் தாண்டி எங்கேயும் போகாத எங்க நைனா, செத்த பிறகு ஷார்ஜாவில் ஒர்க்‌ஷாப் நடத்துகிறார்.

இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருஷத்தில் பையன் நவீனுக்காகக் கம்ப்யூட்டர் வாங்கினேன். டி.வி. மாதிரி பெரிய பெட்டி. ஹாலில் மேஜை போட்டு வைத்தோம், அவன் என்ன பார்க்கிறான் என்று தெரிய வேண்டுமே. என்ன பார்க்கிறான் என்று தெரிந்தது, அது என்ன என்றுதான் எனக்குப் புரியவில்லை. வீட்டில் அவன் பேசுகிற தமிழ் சாப்பாட்டுச் சாமான்களின் பெயரோடு முடிந்துவிடும். அம்மாவிடம் “தோசை” என்பான், என்னிடம் இங்கிலீஷில் “ஓகே” என்பான். இப்போது கனடாவில் இருக்கிறான். அங்கிருந்தும் அந்த ஓகே வாரத்துக்கு ஒரு தடவை வருகிறது.

அவன்தான் ஒரு நாள் எனக்கு அந்தச் செஸ் இடத்தைத் திறந்து காட்டினான். பெயர் வைக்கச் சொன்னது. நான் கொஞ்சமும் யோசிக்காமல் ‘கும்மிடிராஜா’ என்றேன்.

“அப்பா, சீரியஸா?”

“போடு.”

போட்டான். முதல் ஆட்டத்தில் ஏதோ ஒரு நாட்டுக்காரனிடம் பதினோரு நகர்த்தலில் தோற்றேன். முடிந்ததும் அவன் திரையில் ‘ஜி ஜி’ என்று இரண்டு எழுத்து அடித்தான். ஜெயித்ததும் இல்லாமல் திட்டுகிறான் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. இங்கிலீஷ் எழுத்தில் நம்ம ஊர்த் தமிழ்க் கெட்ட வார்த்தை ஒன்றைத் தேடித் தேடி அடித்தேன். தோற்றவுடன் ஜி ஜி வரும், உடனே நான் வார்த்தையை அனுப்புவேன். நாலு மாசம் இப்படிப் போயிற்று. அது ‘நல்ல ஆட்டம்’ என்பதற்குச் சுருக்கம் என்று நவீன் சொன்னபோது, ஐரோப்பாவில் பாதியை நான் திட்டி முடித்திருந்தேன்.

4

இப்போது நம்பர் விஷயம். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் இங்கேதான் வருகிறது.

பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற நம்பர் என்ன என்று நவீனிடம் கேட்டேன். “ஆடினா ஏறும், இறங்கும்” என்றான், தலையைத் திருப்பாமல். அவ்வளவுதான் விளக்கம். மீதியை என் மில் அனுபவத்தை வைத்து நானே புரிந்துகொண்டேன்.

நான் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்து, குளித்து, ராத்திரி சாப்பிட்டுவிட்டு மூன்று ஆட்டம் ஆடுவேன். மூன்றும் தோற்பேன். நம்பர் இருபது, இருபத்தைந்து இறங்கும். அடுத்த நாள் சாயங்காலம் வந்து பார்த்தால் நாற்பது ஏறியிருக்கும். எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை. மில்லில் அப்படித்தானே. ஒரு நாள் வராவிட்டால் அன்றைக்கே வெட்டு. இன்கிரிமென்ட் மட்டும் மறுநாள் ஆபீஸ் திறந்து, கிளார்க் வந்து, காபி குடித்து, பிறகு ஏற்றுவார். தோல்விக்கு அபராதம் அப்போதே விழுகிறது, சர்வீஸுக்கு உள்ள ஏற்றம் பகலில் ஆபீஸ் நேரத்தில் விழுகிறது என்று முடிவு செய்துகொண்டேன். நாள் தவறாமல் போகிறவன் நான். வெள்ளிக்கிழமைகூட லீவு போடவில்லை. அதனால் ஏறுகிறது.

எண்ணூறிலிருந்து ஆயிரம், ஆயிரத்து இருநூறு, முந்நூறு. போன் கார்டு வாங்கி சாமுவேலைக் கூப்பிட்டேன். மில் மூடிய பிறகு அவர் மன்றத்தின் செயலாளர் ஆகியிருந்தார். ஷார்ஜாவுக்கு வந்த பிறகு நானும் அவரை சார் என்பதை விட்டிருந்தேன்.

“சாமுவேலு, ஆயிரத்து நானூத்தி ஐம்பது.”

“இன்னாது?”

“நம்பரு. செஸ் நம்பரு.”

அவரும் பிரௌசிங் சென்டரில் போய் ஆடுகிறவர், அந்த நம்பரின் அர்த்தம் அவருக்குத் தெரியும். “நீயா?” என்று கேட்டார். “வேற எவன்?” என்றேன். அடுத்த மாசம் ஆயிரத்து ஐந்நூறு என்று சொன்னேன். அதற்கடுத்து ஐந்நூற்று எண்பது. மன்றத்துப் பலகையில் என் பெயரையும் நம்பரையும் சாக்பீஸால் எழுதிவைத்திருக்கிறார்கள் என்று என் தங்கை போனில் சொன்னாள். அன்றைக்கு ஒர்க்‌ஷாப்பில் எல்லோருக்கும் பிரியாணி.

5

விசா புதுப்பிக்கிற சமயம். ரத்தப் பரிசோதனைக்குக் காலையிலேயே போய் உட்கார்ந்தேன். பதினோரு மணிக்கு என் முறை வந்தபோது, ஒரு காகிதத்தில் எத்திராஜ், இன்னொன்றில் முனுசாமி, இரண்டும் ஒரே ஆளா என்று கேட்டார்கள். நான் எனக்குத் தெரிந்த இந்தியில், “இவரும் நான்தான், அவரும் நான்தான்” என்றேன். சரி செய்துகொண்டு நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டார்கள். வெயிலில் ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்ப மனசில்லாமல் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்தால் தனம் கம்ப்யூட்டர் முன்னால். மடியில் முறம், முறத்தில் பாதி நறுக்கின பீன்ஸ். திரையில் செஸ். நான் வந்ததைப் பார்த்தாள், ஆனால் எழுந்திருக்கவில்லை.

“இன்னாம்மே பண்ற?”

“இரு மாமா. இவனுக்கு நாப்பது செகண்டுதான் கீது.”

பின்னால் போய் நின்று பார்த்தேன். மேலே ‘கும்மிடிராஜா’ என்று இருந்தது. எதிராளி ருமேனியாக்காரன், நம்பர் ஆயிரத்து அறுநூறு. அவன் ஒரு சிப்பாயைச் சும்மா விட்டுவைத்திருந்தான். எனக்கு உள்ளங்கால் கூசியது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை. இரண்டு பீன்ஸை நறுக்கினாள். குதிரையை ஒரு ஓரமாக நகர்த்தினாள். இன்னும் இரண்டு பீன்ஸ். ருமேனியாக்காரன் விட்டுக்கொடுத்து, ‘ஜி ஜி’ என்று அடித்துவிட்டுப் போனான். நம்பர் என் கண்ணெதிரே ஒன்பது ஏறியது.

ஆபீஸ் நேரத்தில் கிளார்க் வந்து ஏற்றுகிறார் என்று நான் நினைத்தது சரிதான். கிளார்க் யார் என்றுதான் தெரியாமல் இருந்தேன்.

“எத்தினி நாளா?”

“ஒரு வருஷம் இருக்கும். காய் எப்படிப் போவும்னு நவீன் ஒருவாட்டி காட்டினான். நீயும் அவனும் போனப்பறம் ஊட்ல இன்னா வேலை எனக்கு.”

“ஏன் சொல்லல?”

“நீ கேக்கலியே. தெனம் சாயந்திரம் வந்து நம்பரப் பாத்து, ‘பாத்தியா தனம், ஏறிக்கீது’ன்னு என்கிட்டயே சொல்லுவ. நானும் ‘ஆமா மாமா’ம்பேன். எனக்கு நல்லா பொழுதுபோச்சு.”

அவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

6

வெட்கமாக இருந்ததா என்று கேட்பீர்கள். இருந்தது. ஒரு நாள் முழுக்க இருந்தது. மறுநாள் சாமுவேலே போன் செய்து நம்பர் எவ்வளவு என்று கேட்டார். ஆயிரத்து அறுநூற்றுப் பத்து என்று சொல்லிவிட்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு ஏற்பாடு வந்தது. பகல் ஷிஃப்ட் அவள், ராத்திரி ஷிஃப்ட் நான். இரண்டு வாரத்தில் அவளே அதை ஒழித்தாள். “மாமா, பகலெல்லாம் நான் ஏத்தறத நீ ஒரு மணி நேரத்துல இறக்கிட்டுத் தூங்கப் போயிடற. பேஜாரா கீது. உனக்குன்னு ஒரு பேரு வச்சிக்கோ.” வைத்துக்கொண்டேன். ‘கும்மிடிராஜா இரண்டு’. அதன் நம்பர் எண்ணூற்று நாற்பது. அதைப் பற்றி ஊரில் நான் யாரிடமும் பேசவில்லை.

அவள் ஆட்டத்தைப் பார்க்க உட்கார்ந்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். முதல் வேலையாக ராஜாவைக் கொண்டுபோய் மூலையில் கோட்டைக்குள் வைத்துவிடுவாள். பிறகு எதையும் வெட்ட மாட்டாள். எதிராளியின் பக்கம் கண்ணை ஓட்டிக்கொண்டே இருப்பாள். அவன் வரிசையில் எங்காவது ஒரு காய்க்குத் துணை இல்லாமல் போனால், ஒன்பது மாத்திரைப் பட்டை மாதிரி அங்கே அவள் கண் நிற்கும். அவ்வளவுதான், கதை முடிந்தது. நான் ஓட ஓடக் கம்பி பிடித்தவன். உட்கார்ந்த இடத்தில் ஓட்டை பார்த்தவள் அவள். இரண்டு பேரும் அதே தொழிற்பேட்டையில்தான் வேலை செய்தோம்.

அந்த வருஷம் பொங்கலுக்கு ஊருக்குப் போவதாக இருந்தது. சாமுவேல் போனில், “மன்றத்துல பொங்கல் விளையாட்டு வச்சிக்கீறோம். கடைசி நாள் நீயும் நானும். எல்லாரும் கும்மிடிராஜாவப் பாக்கணும்ங்கறாங்க” என்றார். போனை வைத்துவிட்டுத் தனத்திடம் சொன்னேன்.

“அது நான்தான்னு சொல்லிடு” என்றாள்.

“மானம் போயிடும்டி. பலகைல எம்பேர எழுதி வச்சிக்கீறாங்க.”

“அப்ப எம்பேரு?”

“ஊட்ல நமக்குள்ள தெரிஞ்சா போதாதா?”

“ருமேனியாக்காரன் கும்மிடிராஜான்றான். ஊர்ல எத்திராஜுன்றான். நான் ஆடறது எனக்கு மட்டும்தான் தெரியும். அந்த மன்றத்துக்கு எதுக்குப் போயிருக்கேன் நானு? கோலம் போட. ஒருவாட்டி உக்காந்து, எதிர்ல ஆளு மூஞ்சியப் பாத்து ஆடணும் மாமா எனக்கு.”

அவள் கம்ப்யூட்டருக்குத் துணி போட்டு மூடினாள். ஊருக்குக் கிளம்புகிற வரைக்கும் பன்னிரண்டு நாள் அதைத் தொடவே இல்லை. சாப்பாடு சரியாக வந்தது, துணி மடித்து வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை.

7

மன்றத்தில் அன்றைக்கு முப்பது பேருக்குக் குறையாது. எனக்குச் சால்வை போட்டார்கள். தனம் பையோடு கதவோரம் நின்றிருந்தாள். ஆட்டம் முடிந்ததும் திருப்பாச்சூரில் இருக்கிற அவள் அக்கா வீட்டுக்கு பஸ் பிடிப்பதாகத் திட்டம்.

ஆட்டம் எவ்வளவு நேரம் போனது என்றால், சால்வை என் தோளிலிருந்து நழுவுவதற்குள் முடிந்துவிட்டது. சாமுவேல் ஒரு சிப்பாயை விட்டார், வெட்டினேன். பிஷப்பை விட்டார், வெட்டினேன். “எத்திராஜு” என்று பழைய குரலில் ஆரம்பித்தார். நான் குனிந்து என் ராஜாவைத் தேடினேன்.

“இதான் ஆயிரத்து அறுநூறா?” என்று கூட்டத்தில் ஒருத்தர் கேட்டார்.

என் வாய் இருக்கிறதே, அது என்னைக் கேட்டுக்கொண்டு திறப்பதில்லை. “எனக்கு மவுஸ் இல்லாம ஆட வராதுப்பா. ரெண்டு வருஷமா மவுஸ்லயே ஆடி கை பழகிப்போச்சு” என்றேன்.

“அவ்ளோதானே” என்றார் சாமுவேல். “ஸ்டேஷன் எதிர்ல பிரௌசிங் சென்டர் கீது. வா.”

கூட்டம் அப்படியே தெருவில் இறங்கியது. தனமும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள். சென்டரில் பிளைவுட் தடுப்பு வைத்த சின்னச் சின்ன அறைகள். ஒன்றில் சாமுவேல், அடுத்ததில் நான். ஆளுக்கு ஐந்து நிமிஷம். என் முதுகுக்குப் பின்னால் பத்துப் பேர் மூச்சு விடுகிறார்கள்.

“பாஸ்வேர்டு அவளுக்குத்தான் தெரியும்” என்றேன். அது உண்மை. தனத்துக்கு வழி விட்டார்கள். உட்கார்ந்து அடித்தாள். ‘கும்மிடிராஜா’ வந்தது, நம்பர் வந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து சாமுவேல் சிப்பாயை நகர்த்தினார். என் கடிகாரம் ஓட ஆரம்பித்தது.

என் யோசனை எல்லாம் அவள் அப்படியே உட்கார்ந்துவிடுவாள் என்பதுதான். நான் பின்னால் நின்று சொல்கிற மாதிரி நடிப்பேன், அவள் ஆடுவாள், எல்லாம் நல்லபடியாக முடியும்.

அவள் எழுந்துவிட்டாள்.

“உக்காரு மாமா” என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

உட்கார்ந்தேன். மவுஸில் கை வைத்தேன். நாலு நிமிஷம் நாற்பது. நாலு முப்பது. சிவந்த கம்பியை யோசிக்காமல் பிடித்தவன், அந்தச் சின்ன மவுஸை நகர்த்தவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, திரையில் அந்த முதல் சிப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு நாள் சாப்பிடாதவர்கள் இலையைப் பார்ப்பது மாதிரி இருந்தது.

எழுந்தேன். “யப்பா, எல்லாரும் கேளுங்க. கும்மிடிராஜா நான் இல்ல. இவதான். ஒரு வருஷத்துக்கு மேலா இவதான் ஆடறா. நான் சும்மா சொல்லிக்கினு திரிஞ்சேன்.”

யாரோ ஒருத்தர் மெதுவாக, “டைம் ஓடுதும்மா” என்றார். தனம் பையை என் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். மூன்று நிமிஷம் பத்து வினாடி மிச்சம்.

சாமுவேல் வழக்கம்போல் சிப்பாயை விட்டார். “வெட்டு” என்றேன், பழக்கதோஷம். வெட்டவில்லை. பிஷப்பை விட்டார். “வெட்டு தனம்.” “மாமா, பைய கீழ வச்சிட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லு” என்றாள். பின்னால் சிரித்தார்கள். நான் தள்ளி நின்றேன். ஏன் வெட்டவில்லை என்பது ஆறு நகர்த்தல் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. சாமுவேலுக்கு அதற்கு முன்னாலேயே புரிந்திருக்க வேண்டும், அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவருடைய ராணி போனபோது அவளுக்கு இன்னும் பதினெட்டு வினாடி இருந்தது.

சாமுவேல் ஸ்டூல் மேல் ஏறித் தடுப்புக்கு மேலே தலையை நீட்டினார். என்னைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்துச் சொன்னார்.

“இன்னொரு ஆட்டம் போடலாமாம்மா? இங்க வேணாம். மன்றத்துக்குப் போயி, பலகைல, எதிரெதிர்ல உக்காந்து.”

திருப்பாச்சூர் பஸ் போய்விட்டது. அடுத்ததும் போய்விட்டது. நான் கதவோரம் பையோடு நின்றிருந்தேன்.

8

இப்போது மலருக்கு வருகிறேன். மலர்க் குழுவிலிருந்து போன் செய்தபோது நான் ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன். “யாரு கத்துக்குடுத்தாங்க?” என்று தனத்திடம் கேட்டிருக்கிறார்கள். “யாரும் கத்துக்குடுக்கல” என்று சொல்லியிருக்கிறாள்.

மலரை அவள் எதிரே விரித்து வைத்துக் கேட்டேன். “எம்பேர ஒரு எடத்துலயாவது சொல்லக் கூடாதா?”

“இன்னான்னு சொல்றது? நீ கத்துக்குடுத்தன்னு சொன்னா, ஆயிரத்தத் தாண்டியிருக்க முடியாதுன்னு அவங்களுக்கே தெரியும் மாமா.”

“அப்ப சுயமாவே வந்துச்சா? காய் போற விதத்த நவீன் ஒருவாட்டி காட்டினான். ஆட்டம் எங்கேந்து வந்துச்சு?”

அவள் மலரை மூடி ஓரமாக வைத்தாள். பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து ஒரு பட்டியலைக் காட்டினாள். அந்த இடம் ஆடின ஆட்டத்தையெல்லாம் சேர்த்து வைக்குமாம், எனக்கு இத்தனை வருஷம் தெரியாது. எல்லாம், அவள் ஆட ஆரம்பிப்பதற்கு முன்னால் ராத்திரியில் நான் ஆடித் தோற்றவை.

“காலைல நாஷ்டா முடிச்சிட்டு இதத்தான் பாப்பேன். நீ எங்க பிடிச்ச, எங்க மாட்டினன்னு ஒவ்வொண்ணா தள்ளித் தள்ளிப் பாப்பேன். நாலஞ்சு மாசம் நான் ஒரு ஆட்டம்கூட ஆடல. உன்னுதப் பாத்துக்கினே இருந்தேன். நீ போன வழியில போவக் கூடாதுன்னு மட்டும் கத்துக்கினேன். மத்தது தானா வந்துச்சு.”

“அதச் சொல்லியிருக்கலாமே.”

“நீ கோச்சிக்குவன்னு சொல்லல.”

கோபிப்பதா? ராத்திரி ராத்திரி கண் எரிய உட்கார்ந்து தோற்றதெல்லாம் வீண் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். அது வீணாகவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பெரிய பெரிய ஆட்டக்காரர்கள் ஜெயித்த ஆட்டங்களைப் பார்த்து எல்லோரும் கற்கிறார்கள், அதில் அதிசயமில்லை. ஒருத்தன் தவறாமல், ஒரு நாள் விடாமல், ஒரே மாதிரி தப்பாக ஆடிக் காட்டினால்தானே எது தப்பு என்பது இன்னொருத்தருக்குச் சந்தேகமில்லாமல் விளங்கும். நடு நடுவே தெரியாத்தனமாக நான் நன்றாக ஆடியிருந்தால் அவள் குழம்பியிருப்பாள். அவளைக் குழப்பவில்லை. அந்த விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆகையால் மன்றத்துச் செயலாளர் சாமுவேல் அவர்களுக்கும் மலர்க் குழுவுக்கும் என் கோரிக்கை. அடுத்த மலரில் திருத்தம் போட வேண்டும். தனத்தின் போட்டோ அப்படியே இருக்கட்டும், அவள் நம்பரும் இருக்கட்டும். என் போட்டோ வேண்டாம். ‘யாரிடமும் பயிலாமல் சுயமாகவே கற்றவர்’ என்ற வரியை மட்டும் எடுத்துவிட்டு, ‘கணவர் எத்திராஜ் தோற்ற நானூற்றுப் பதினேழு ஆட்டங்களைப் பார்த்துக் கற்றவர்’ என்று போடுங்கள். ‘தோற்ற’ என்ற சொல்லை என் முகத்துக்காக விட்டுவிட வேண்டாம். கொட்டை எழுத்தில் போட்டாலும் எனக்குச் சம்மதம்தான். எண்ணிக்கையில் ஒன்றுகூடக் குறைக்காதீர்கள். அத்தனையும் நான் ஆடியது.